பாஸ்தாவுக்குள் பூசணியை ஒளித்த கதை



போன ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட பாஸ்தா படத்துக்கு இத்தனை பேர் வந்து பேசுவீர்கள் என்று நினைக்கவில்லை. "டீச்சர், நீங்களா பாஸ்தா செஞ்சீங்க?" என்று ஆச்சரியப்பட்டவர்கள் பாதி. "செய்முறை போடுங்க டீச்சர்" என்றவர்கள் மீதி. என் பெரியண்ணன் மட்டும் வழக்கம்போல, "கேப்பைக் களி கிண்டித் தின்ன குடும்பத்துல இதென்ன புதுப் பழக்கம்?" என்று எழுதியிருந்தார். அண்ணனுக்கும் பதில் உண்டு. கடைசியில் சொல்கிறேன்.

ஆனால் இன்றைக்கு என்னை எழுத உட்காரவைத்தது வேறொரு வரி. 1990களில் என்னிடம் படித்த பெண் ஒருத்தி, இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், இப்படி எழுதியிருந்தாள்: "நானும் வாரம் ஒரு தடவை பண்ணுவேன் டீச்சர். காயெல்லாம் வேகவெச்சு அரைச்சு சாஸ்ல கலந்துடுவேன். பிள்ளைகளுக்குத் தெரியவே தெரியாது. ஈஸியா ஏமாத்திடலாம்." அதற்குக் கீழே நிறையப் பேர் கைதட்டியிருந்தீர்கள்.

அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. போன வருஷம் மே மாதம் வரை நானும் அந்தக் கட்சிதான். ஏன் கட்சி மாறினேன் என்று சொல்லிவிட்டு, கேட்டவர்களுக்குச் செய்முறையும் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். என் வகுப்பு என்றைக்கு மணி அடித்ததும் முடிந்திருக்கிறது?

பேரனுக்கு ஒன்பது வயது. பெங்களூரில் படிக்கிறான். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் ஒரு மாதம் திண்டுக்கல்லில் எங்களோடு இருப்பான். தோசை, தயிர்சாதம், முட்டை, உருளைக்கிழங்கு, இந்த நான்கும் இருந்தால் போதும் அவனுக்கு. மற்ற எந்தக் காயைக் கண்டாலும் தட்டின் ஓரத்தில் மதில் கட்டுவதுபோல அடுக்கிவைத்துவிடுவான். கூட்டில் இருந்து ஒரு பட்டாணியைக் கூட விடாமல் பொறுக்கி எடுக்கும் பொறுமை அவனுக்கு உண்டு. எங்கள் ஊர் பக்கத்தில்தான் ஒட்டன்சத்திரம் மார்க்கெட். லாரி லாரியாகக் கேரளாவுக்குக் காய் போகிற இடம். மலையேறினால் கொடைக்கானல் கேரட். இத்தனையும் காலடியில் இருக்க, சொந்தப் பேரனுக்கு ஒரு துண்டு காய் ஊட்ட முடியவில்லையே என்ற ஆற்றாமை எனக்கு.

அப்போதுதான் போனில் ஒரு வீடியோ பார்த்தேன். மஞ்சள் பூசணியையும் கேரட்டையும் வேகவைத்து மைய அரைத்து, ஒயிட் சாஸில் கலந்தால், பார்ப்பதற்குச் சீஸ் மாதிரியே இருக்கும். மருமகள் வாங்கிவைத்த சின்ன ஓவன் வீட்டில் சும்மாதான் கிடந்தது. அன்று மாலையே செய்தேன். மேலே சீஸ் துருவிப் போட்டுப் பொன்னிறமாக எடுத்து வைத்ததும், இரண்டு கிண்ணம் சாப்பிட்டான். "அப்பத்தா, சீஸ் செம!" என்றான். எனக்கு நல்லாசிரியர் விருது வாங்கியதுபோல ஒரு பெருமை.

பெருமையை அடக்கத் தெரியவில்லை. ராத்திரி மகனுக்குப் போன் போட்டு, "கால் கிலோ பூசணியை அவனுக்குத் தெரியாமலே உள்ள தள்ளிட்டேன்டா" என்று சிரித்தேன். திரும்பிப் பார்த்தால், தண்ணீர் குடிக்க வந்த பிள்ளை வாசற்படியில் நிற்கிறான். ஒன்றும் பேசவில்லை. போய்ப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் காலை இட்லி வைத்தேன். இரண்டாகப் பிட்டு, மோந்து பார்த்து, "இதுல என்ன போட்டிருக்க?" என்று கேட்டான்.

"அரிசியும் உளுந்தும்தான்யா. வேற என்ன போடுவாங்க?"

"நேத்தும் சீஸ்னுதான் சொன்ன."

அந்த ஒரு வார்த்தைக்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்த நான்கு நாள், தயிர்சாதத்தைக் கூட ஸ்பூனால் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தான். பாலைக் கொடுத்தால், "எதையும் அரைச்சு ஊத்தலையே?" என்று கேட்டான். அதுவரை அவன் கேள்வி கேட்காமல் சாப்பிட்ட நான்கு பண்டங்களும் சந்தேகத்துக்குரியவை ஆகிவிட்டன. கால் கிலோ பூசணிக்கு நான் கொடுத்த விலை அது.

34 வருஷம் அறிவியல் நடத்தியவள் நான். "யார் சொன்னாலும் நம்பாதே, சோதித்துப் பார்" என்று உங்களுக்கெல்லாம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! பேரன் அதைத்தான் செய்துகொண்டிருந்தான். சோதிக்கப்பட்ட பொருள் நான்.

இப்போது என் கருத்தைச் சொல்கிறேன். காயை ஒளித்துக் கொடுப்பதால் பிள்ளையின் வயிற்றுக்குள் கொஞ்சம் காய் போகிறது என்பது உண்மைதான். ஆனால் பிள்ளைக்குக் காய் சாப்பிடும் பழக்கம் வருவதில்லை. பூசணியின் உருவம், மணம், நாக்கில் கரைகிற விதம் எதையும் அவன் தெரிந்துகொள்ளவில்லை. அவனைப் பொறுத்தவரை அவன் சாப்பிட்டது சீஸ். பத்து வருஷம் கழித்து விடுதியில் தங்கிப் படிக்கும்போது, அவன் தட்டில் விழும் பூசணியை யார் அரைத்து ஒளித்துக் கொடுப்பார்கள்? வினாத்தாளை முன்கூட்டியே கொடுத்து நூறு மதிப்பெண் எடுக்கவைத்த மாதிரிதான் இது. மதிப்பெண் வரும், படிப்பு வராது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஒரு பொருளை ஒளித்துக் கொடுத்தால், அது வேண்டாத பொருள் என்று நாமே ஒப்புக்கொள்கிறோம். நல்ல பண்டத்தை யாராவது ஒளித்து ஊட்டுவார்களா? வேப்பிலைக் கொழுந்தைத்தான் வெல்லத்துக்குள் வைத்து உருட்டிக் கொடுப்போம். கேரட்டையும் பீன்ஸையும் மருந்து வரிசையில் சேர்த்துவிட்டு, பிள்ளை அதை விரும்பவில்லையே என்று வருத்தப்படுவது நியாயமா?

1983இல் நான் வேலைக்குச் சேர்ந்தேன். அதற்கு முந்தின வருஷம்தான் தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்திருந்தார். நான் முதலில் வேலை பார்த்த நடுநிலைப் பள்ளியில், மதியம் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும்போது சுற்றிவருவது என் வேலை. சாம்பாரில் கொத்தவரங்காய் போட்ட நாளில், தட்டு கழுவும் இடம் முழுக்கக் கொத்தவரங்காயாகக் கிடக்கும். பசியோடு வரும் பிள்ளைகள்தான். ஆனாலும் துப்பிவிடுவார்கள். திட்டிப் பார்த்தோம், பிரயோஜனம் இல்லை.

ஒரு வருஷம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வெண்டையும் கொத்தவரையும் போட்டோம். தாவரவியல் பாடத்துக்காகத்தான் போட்டது. சாப்பாட்டை நினைத்துப் போடவில்லை. முதல் பறிப்பு ஒரு படி கூட இருக்காது. அதைக் கொண்டுபோய்ச் சத்துணவு ஆயாவிடம் கொடுத்து, "ஆயா, இது நாங்க போட்டது. சாம்பார்ல போடுங்க" என்றார்கள். அன்றைக்கு அந்த வகுப்பில் ஒருவரும் துப்பவில்லை. தன் தட்டில் கொத்தவரங்காய் விழவில்லை என்று ஒருவன் ஆயாவோடு சண்டையே போட்டான். காய் அதே காய்தான். அது யார், எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இதை அறிவியலும் சொல்கிறது. புது உணவைக் கண்டால் பயப்படுவது குழந்தைகளுக்கு இயல்பு. இரண்டு வயதில் இருந்து ஆறு வயது வரை அது மிக அதிகம். சில பிள்ளைகளுக்கு அதற்குப் பிறகும் நீடிக்கும். அமெரிக்க உளவியலாளர் லியான் பர்ச் 1980களில் இருந்து இதை ஆராய்ந்தவர். அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் கண்டது இதுதான்: ஒரு புது உணவைக் கட்டாயப்படுத்தாமல், எட்டு, பத்து, சில பிள்ளைகளுக்குப் பதினைந்து தடவை கூடச் சிறிதளவு சுவைக்கக் கொடுத்தால், மெல்ல மெல்ல ஏற்றுக்கொள்கிறார்கள். நாம் மூன்றாவது தடவையிலேயே, "இவனுக்குப் பிடிக்காது" என்று முத்திரை குத்திவிடுகிறோம். ஒளித்துக் கொடுத்த தடவை இந்தக் கணக்கில் சேராது. பிள்ளை அந்தக் காயை அறிமுகம் செய்துகொள்ளவே இல்லையே!

வேலைக்குப் போகும் தாய்மார்கள் என்னைத் திட்டுவது எனக்குக் கேட்கிறது. "உங்களுக்கு என்ன டீச்சர், ரிட்டயர் ஆயிட்டீங்க. ராத்திரி எட்டு மணிக்கு ஆபீஸ் விட்டு வந்து, பதினைந்து தடவை பூசணியைக் காட்டிக் கெஞ்ச எங்களால முடியுமா?" நியாயமான கேள்வி. பிள்ளை எடை குறைந்துகொண்டே போகிறது, டாக்டரே சத்து ஏற்றச் சொல்கிறார் என்றால் அரைத்துத்தான் கொடுக்க வேண்டும், கொடுங்கள். அரைப்பதில் தப்பே இல்லை. கீரையை மசிக்கிறோம், தக்காளியை அரைக்கிறோம், பருப்பைக் கடைகிறோம். "இதுல பூசணி இருக்கு, அதான் இந்த நிறம்" என்று ஒரு வரி சொல்லிவிட்டுக் கொடுங்கள் என்கிறேன். சாப்பிட்டால் நல்லது. சாப்பிடாவிட்டால் அன்றைக்கு ஒரு தோசை. நம்பிக்கை மிஞ்சும்.

ஐந்தாம் நாள் பேரனைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். "நான் பண்ணது தப்பு. இனிமே நான் குடுக்குறதுல என்ன இருக்குன்னு நீ கேட்டா, உள்ளதைச் சொல்வேன்" என்றேன்.

"அப்ப காயே போட மாட்டியா?"

"போடுவேன். உன்கிட்ட காட்டிட்டுப் போடுவேன். நீயே போடேன்."

கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு ஒரு நிபந்தனை போட்டான். காய்களை ஒன்றாகக் கலக்கக் கூடாது. எது எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரிய வேண்டும். நோட்டில் ஒரு செவ்வகம் வரைந்து, நான்காகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு காயின் பெயர் எழுதினான். கேரட், பீன்ஸ், காலிபிளவர். நான்காவது கட்டத்தை எனக்கு விட்டுக்கொடுத்தான். நான் பூசணி என்று எழுதினேன். முறைத்தான், ஆனால் அழிக்கவில்லை. நீங்கள் படத்தில் பார்த்து, "ஏன் டீச்சர் ஒரு பக்கம் மட்டும் பச்சையா இருக்கு?" என்று கேட்டீர்களே, அது இந்த வரைபடத்தின்படிதான். இப்போது செய்முறைக்கு வருகிறேன்.

ஐந்தாறு பேருக்கு: பென்னே பாஸ்தா 250 கிராம். நறுக்கிய காய்கள் எல்லாம் சேர்த்து 600 கிராம். பால் 600 மில்லி. வெண்ணெய் 40 கிராம், மைதா 40 கிராம். சீஸ் 150 கிராம். ஒரு வெங்காயம், நான்கு பல் பூண்டு, மிளகுத்தூள், உப்பு, கொஞ்சம் எண்ணெய். பாஸ்தாவை விடக் காய் இரண்டு மடங்குக்கு மேல் இருப்பதைக் கவனியுங்கள். ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், பெரியவர் ஒருவரின் ஒரு நாள் தட்டுக்குக் காயும் கீரையும் சேர்த்து 400 கிராம் சொல்லியிருக்கிறார்கள். நம் வீடுகளில் பெரியவர்களே அதில் பாதியைத் தொடுவோமா என்பது சந்தேகம். பேருக்கு நாலு பட்டாணி போட்டுவிட்டுக் காய்கறி பாஸ்தா என்று சொல்லாதீர்கள்.

முதலில் காய். இதில்தான் நான் முதல் தடவை தோற்றேன். காலிபிளவரையும் குடைமிளகாயையும் பச்சையாகவே போட்டு ஓவனில் வைத்தேன். வெளியே எடுத்தால், பாத்திரத்தின் அடியில் குளம் கட்டி நிற்கிறது. பேரன் எட்டிப் பார்த்து, "பாஸ்தா ரசமா அப்பத்தா?" என்றான். காரணம் எளிது. காலிபிளவர், குடைமிளகாய், கத்தரிக்காய், பூசணி எல்லாவற்றிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். சூடும் உப்பும் பட்டதும் அது வெளியேறி, சாஸை நீர்க்கச் செய்துவிடுகிறது. அதனால் அந்தத் தண்ணீரை முன்னாலேயே போக்கிவிட வேண்டும். காய்களை ஒரு அங்குலத் துண்டாக நறுக்கி, எண்ணெயும் உப்பும் பிசறி, 200 டிகிரியில் 20 நிமிஷம் ஓவனில் வாட்டுங்கள். இல்லாவிட்டால் அகலமான இரும்புச் சட்டியில், தீயைக் கூட்டி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு வதக்குங்கள். சட்டியை நிரப்பினால் வதங்காது, வெந்துபோகும். பீன்ஸை மட்டும் ஐந்து நிமிஷம் கொதிநீரில் போட்டு வடித்துக்கொண்டால் போதும். வாட்டிய பூசணியின் ஓரம் பழுப்பாகி இனிக்கும். சாம்பாரில் கரைந்துபோகும் பூசணிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இரண்டாவது பாஸ்தா. பாக்கெட்டில், "டூரம் கோதுமை ரவை" என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். இத்தாலியில் உலர் பாஸ்தாவை டூரம் கோதுமையில்தான் செய்ய வேண்டும் என்று 1967இல் சட்டமே போட்டுவிட்டார்கள். அது கெட்டியான, புரதம் நிறைந்த கோதுமை. அதனால்தான் வெந்தாலும் குழைவதில்லை. இரண்டரை லிட்டர் தண்ணீர் நன்றாகக் கொதிக்கும்போது ஒன்றரை மேசைக்கரண்டி உப்புப் போட்டு, பாஸ்தாவைப் போடுங்கள். பாக்கெட்டில் 11 நிமிஷம் என்றிருந்தால் எட்டாவது நிமிஷத்தில் வடித்துவிடுங்கள். மீதி வேக்காடு ஓவனில், சாஸைக் குடித்துக்கொண்டு நடக்கும். வடித்த தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்துவையுங்கள்.

மூன்றாவது ஒயிட் சாஸ். பிரெஞ்சுக்காரர்கள் பெஷமெல் என்பார்கள். பதினான்காம் லூயி மன்னரின் அரண்மனையில் இருந்த ஒரு அதிகாரியின் பெயரால் வந்த பெயர். இத்தாலியில் பெஷமெல்லா. எல்லோரும் பயப்படுவது கட்டி தட்டுவதற்குத்தான். கேப்பை மாவைக் கொதிநீரில் நேரே கொட்டினால் என்ன ஆகும்? வெளிமாவு உடனே வெந்து பசையாகி, உள்ளே இருக்கும் மாவுக்குத் தண்ணீர் போகாமல் அடைத்துவிடும். அதுதான் கட்டி. வெண்ணெயில் மைதாவைப் போட்டு மிதமான தீயில் இரண்டு மூன்று நிமிஷம் வறுக்கும்போது, ஒவ்வொரு மாவுத் துகளையும் கொழுப்பு பூசித் தனித்தனியாகப் பிரித்துவிடுகிறது. பிறகு பாலை ஒரு கரண்டி ஒரு கரண்டியாக ஊற்றிக் கிண்டினால் கட்டியே தட்டாது. கரண்டியின் முதுகில் விரலால் கோடு இழுத்தால் கோடு அப்படியே நிற்க வேண்டும். அதுவே பதம். உப்பு, மிளகு, ஒரு சிட்டிகை ஜாதிக்காய்த் தூள். ஆமாம், பச்சைப்பிள்ளைக்கு உரசி ஊட்டும் அதே ஜாதிக்காய். அதுதான் இந்த சாஸின் பரம்பரை வாசனை.

நான்காவது சீஸ். அடுப்பை அணைத்த பிறகுதான் போட வேண்டும். கொதிக்கும்போது போட்டால், பாலின் புரதம் இறுகி, எண்ணெய் தனியே பிரிந்து, திரிதிரியாகிவிடும். கடையில் கிடைக்கும் புராசஸ்டு சீஸ் நன்றாகக் கரையும், ஆனால் நூல் மாதிரி இழுபடாது. மொசரெல்லா இழுபடும், ஆனால் சுவை குறைவு. பாதிக்குப் பாதி எடுத்துக்கொள்ளுங்கள். 100 கிராமை சாஸில் கலந்து, 50 கிராமை மேலே தூவ வையுங்கள். சீஸில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது. எனவே சாஸில் கையை அடக்குங்கள். ரத்தக் கொதிப்பு மாத்திரை போடுகிற சொந்தங்கள் இந்த வரியை இரண்டு தடவை படிக்கவும்.

இனி அடுக்குவது. வெங்காயம், பூண்டை வதக்கி, பாஸ்தாவும் சாஸும் சேர்த்துக் கிளறுங்கள். கெட்டியாக இருந்தால் எடுத்துவைத்த தண்ணீரைச் சேர்த்துக் கொஞ்சம் தளர்த்துங்கள். ஓவனில் இறுகும் என்பதால் தளரவே இருக்கட்டும். பாத்திரத்தில் பாதியைப் பரப்பி, அதன்மேல் நான்கு மூலைக்கு நான்கு காய். மேலே மீதி பாஸ்தா. அதற்கும் மேலே அந்தந்த மூலையில் அந்தந்தக் காய் இரண்டு துண்டு, அடையாளத்துக்கு. பிறகு சீஸ். முன்பே சூடேற்றிய ஓவனில் 200 டிகிரியில் 20 முதல் 25 நிமிஷம். மேலே வரும் பழுப்பு நிறம் தோசை முறுகலில் வருவதுதான். 1912இல் லூயி மையார் என்ற பிரெஞ்சு அறிவியலாளர் விளக்கியது. புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து உண்டாக்கும் நிறமும் மணமும். எடுத்ததும் வெட்டாதீர்கள். பத்து நிமிஷம் ஆறவிட்டால்தான் துண்டாக வரும்.

ஓவன் இல்லாதவர்கள் விட்டுவிட வேண்டாம். பழைய அலுமினிய குக்கரில் ஒரு அங்குலத்துக்குக் கல் உப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு ஸ்டாண்டு வைத்து, கேஸ்கட்டும் வெயிட்டும் போடாமல் மூடி, பத்து நிமிஷம் சூடேற்றி, உள்ளே பாத்திரத்தை வைத்து, சிறு தீயில் அரை மணி நேரம் விடுங்கள். சீஸ் உருகிச் சேர்ந்துவிடும். மேல் பழுப்பு மட்டும் வராது. சுவைக்குக் குறையில்லை.

இனிப் பேரன் கதை. முதல் தடவை கேரட் மூலையில் மட்டும் சாப்பிட்டான். இரண்டாவது தடவை பீன்ஸ் மூலைக்கு நகர்ந்தான். மூன்றாவது தடவை காலிபிளவர், சீஸ் ஒட்டியிருந்த துண்டு மட்டும். பூசணி மூலையை நானும் தாத்தாவும் தின்று தீர்த்தோம். அவனைச் சாப்பிடச் சொல்லவில்லை. நாங்கள் ருசித்துச் சாப்பிட்டோம், அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவுதான்.

இந்த வருஷம் வந்தபோது அவனே நோட்டில் கட்டம் போட்டான். மூன்று கட்டத்தை நிரப்பிவிட்டு, நான்காவதில் அவனே, "பூ" என்று எழுதினான். ஒரு துண்டை எடுத்து, நக்கிப் பார்த்து, கொஞ்சம் கடித்து, "இன்னும் பிடிக்கல" என்று வைத்துவிட்டான். எனக்கு அந்த, "இன்னும்" போதும். பூசணியைச் சாப்பிடவைத்துவிட்டேன் என்று உங்களிடம் பெருமை அடிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் இப்போது நான் என்ன வைத்தாலும் மோந்து பார்ப்பதில்லை. "இதுல என்ன அப்பத்தா?" என்று கேட்கிறான், நான் சொல்கிறேன், சாப்பிடுகிறான் அல்லது வேண்டாம் என்கிறான். அந்த நாலு நாள் நான் இழந்தது எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது.

பெரியண்ணனுக்கு இப்போது பதில். இது அந்நியப் பண்டம் என்கிறீர்கள். கத்தரிக்காய் நம் நாட்டுப் பக்கத்துக் காய். அரபுக்காரர்கள் கையில் பயணம் செய்து இத்தாலியின் சிசிலித் தீவுக்குப் போய்ச் சேர்ந்தது. இன்றைக்கு அந்தத் தீவில் வறுத்த கத்தரிக்காயைப் பாஸ்தாவோடும் சீஸோடும் அடுக்கிச் சுட்டு எடுப்பதை விருந்துச் சாப்பாடாக வைத்திருக்கிறார்கள். அங்கே மெசினா நகரத்துக்கு என்றே அப்படி ஒரு பாஸ்தா உண்டு. நீங்கள் தினமும் குடிக்கும் ரசத்தின் தக்காளியும், காரத்துக்குக் கிள்ளிப் போடும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்தில் இருந்து வந்தவை. கடல் தாண்டி வந்ததை எல்லாம் ஒதுக்கினால் நம் தட்டில் பாதிதான் மிஞ்சும். கேப்பைக் களியை நான் கைவிடவில்லை அண்ணா. பாஸ்தா மாதத்துக்கு இரண்டு தடவைதான். வெண்ணெயும் சீஸும் தினசரிக்கு ஆகாது என்பதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. அடுத்த தடவை வரும்போது கத்தரிக்காய் மூலை உங்களுக்கு.

கடைசியாக, அந்த மாணவிக்கும் கைதட்டிய எல்லோருக்கும் ஒரு வீட்டுப்பாடம். இந்த ஞாயிற்றுக்கிழமை பாஸ்தாதான் வேண்டும் என்பதில்லை. உப்புமாவோ, குருமாவோ, எதுவாக இருந்தாலும் சரி. அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்னால் பிள்ளையைக் கூப்பிட்டு, என்ன போடப் போகிறீர்கள் என்று காட்டுங்கள். ஒரு காயையாவது அவன் கையால் கழுவட்டும், அவள் கையால் சட்டியில் போடட்டும். முன்பு ஒளித்துக் கொடுத்திருந்தால், அதையும் ஒப்புக்கொண்டுவிடுங்கள். பிள்ளைகள் பெரியவர்களைவிடச் சீக்கிரம் மன்னிப்பார்கள். இதை என் பேரனிடம் கற்றுக்கொண்டேன்.

செய்துவிட்டுப் படம் போடுங்கள். சிவப்பு மையில் திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய அறிவியல் டீச்சர்